குளோபலாக நிறுவுவதா, புராஜெக்டுக்குள் நிறுவுவதா? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நிரலெழுதக் கற்றுக்கொண்ட முதல் ஆண்டில், எந்தப் பேக்கேஜ் (பிறர் எழுதி வெளியிட்ட நிரல் தொகுப்பு) தேவைப்பட்டாலும் அதைக் குளோபலாகவே நிறுவிக்கொண்டிருந்தேன். ஒருமுறை நிறுவினால் எல்லாக் கோப்புறைகளிலும் கிடைக்கும் என்பதால் அதுவே சிக்கனமான வழி என்று நம்பினேன். ஒருநாள், என் கணினியில் பிசிறில்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு சிறிய புராஜெக்டை உடன் பணிபுரிபவர் ஒருவருக்கு அனுப்பினேன். அவரிடம் அது முதல் வரியிலேயே நின்றுவிட்டது. விடுபட்ட பேக்கேஜின் பெயரைச் சொன்னேன், அவர் நிறுவினார், உடனே அடுத்தது விடுபட்டிருப்பது தெரிந்தது. இப்படி ஏழெட்டைக் கடந்த பிறகும், அவரிடம் இறங்கிய பதிப்பு ஒன்றாகவும் என்னிடம் இருந்த பதிப்பு வேறொன்றாகவும் இருந்ததால் விடை மாறி வந்தது. என் புராஜெக்டுக்கு என்னென்ன தேவை என்பதை நான் எங்குமே எழுதி வைக்கவில்லை. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய எங்கள் இருவருக்கும் மூன்று மாலைகள் ஆயின.

அந்த மூன்று மாலைகளை நீங்கள் இழக்க வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். நோட் (ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கும் மென்பொருள்), பைத்தான் ஆகிய இரண்டையும் விரிவாகவும் மற்ற மொழிகளைச் சுருக்கமாகவும் சொல்லியிருக்கிறேன். கட்டளைகளை ஒலிப்புக்கேற்பத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன், டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டி இயக்கும் திரை) அவற்றை அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும்.

இரண்டு சொற்களை மட்டும் முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். கணினிக்கோ உங்கள் பயனர் கணக்குக்கோ பொதுவான ஓரிடத்தில் பேக்கேஜை வைப்பது குளோபல் நிறுவல். குறிப்பிட்ட புராஜெக்டின் கோப்புறைக்குள், அதற்கு மட்டும் உரியதாக வைப்பது புராஜெக்ட் நிறுவல்.

1. ஏற்கெனவே இருப்பதைக் கணக்கெடுங்கள்

புதிதாக எதையும் நிறுவுவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி, உங்கள் கணினியில் குளோபலாக என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். நோட்டின் நிறுவல் கருவி என்பிஎம். நோட் பயன்படுத்துபவர்கள் ‘என்பிஎம் எல்எஸ்’ கட்டளையோடு குளோபலைக் குறிக்கும் ‘-ஜி’ தெரிவையும் ‘டெப்த்=0’ தெரிவையும் சேர்த்து இயக்கினால், உள்ளடங்கிய துணைப் பேக்கேஜ்கள் இல்லாமல் மேல்மட்டப் பட்டியல் மட்டும் வரும். ‘என்பிஎம் ரூட் -ஜி’ என்று கேட்டால் அவை எந்தக் கோப்புறையில் இருக்கின்றன என்பது தெரியும்.

பைத்தானின் நிறுவல் கருவி பிப். அங்கே, மெய்நிகர்ச் சூழல் (ஒரு புராஜெக்டுக்கென ஒதுக்கிய தனிப் பைத்தான் இடம், நான்காம் படியில் வரும்) எதையும் இயக்காத புதிய டெர்மினலில் ‘பிப் லிஸ்ட்’ கட்டளையை இயக்குங்கள். அதற்கும் முன்பாக ‘பிப் --வெர்ஷன்’ என்று கேட்பது நல்லது, ஏனென்றால் அது பதிப்பு எண்ணோடு நின்றுவிடாமல், எந்தப் பைத்தானுக்குரிய பிப் இது என்பதையும் பாதையோடு காட்டும். ஒரே கணினியில் மூன்று பைத்தான்கள் இருப்பது அரிதல்ல. நீங்கள் பேசிக்கொண்டிருப்பது எதனிடம் என்று தெரியாமல் எடுக்கும் பட்டியல் பயன்படாது.

ஒரே பெயரில் பல நிறுவல்கள் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். லினக்ஸிலும் மேக்கிலும் ‘விச் -ஏ’ என்ற கட்டளையோடு கருவியின் பெயரைக் கொடுத்தால், அந்தப் பெயரில் டெர்மினல் கண்டெடுக்கும் எல்லா இடங்களையும் வரிசையாகச் சொல்லும். முதலில் வருவதுதான் இயங்கும். விண்டோஸில் இதற்கு ‘வேர்’ கட்டளை உண்டு. பவர்ஷெல்லில் மட்டும் ‘வேர்.எக்ஸ்இ’ என்று முழுப்பெயரையும் தட்ட வேண்டும், ஏனெனில் அங்கே ‘வேர்’ என்பது வேறொரு கட்டளையின் சுருக்கப் பெயர்.

கிடைத்த பட்டியலை ஒரு உரைக்கோப்பில் சேமித்து வையுங்கள். கடைசிப் படியில் இது தேவைப்படும்.

2. நிறுவுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்

“இந்தப் பேக்கேஜ் நாளை காணாமல் போனால், நின்றுபோவது புராஜெக்டா, நானா?” புராஜெக்ட் நிற்கும் என்றால் அது புராஜெக்டுக்குள் இருக்க வேண்டும். உங்கள் வசதி மட்டும் குறையும் என்றால் அது உங்கள் கைக்கருவி, குளோபலாக இருக்கலாம்.

நிரலுக்குள் இறக்குமதி செய்து பயன்படுத்தும் நூலகங்களுக்கு இந்தக் கேள்வியே தேவையில்லை, அவை எப்போதும் புராஜெக்டுக்குள்தான். நோட் இதில் கறாராக நடந்துகொள்கிறது. குளோபலாக நிறுவிய நூலகத்தை உங்கள் நிரலில் அழைத்தால், அதைத் தேடும் இடங்களில் குளோபல் கோப்புறை வழக்கமாக இடம்பெறாது என்பதால், ‘மாட்யூல் கிடைக்கவில்லை’ என்று உடனே பிழை காட்டிவிடும். பைத்தானில் நிலைமை வேறு. அங்கே குளோபலாக இருப்பது எந்த நிரலுக்கும் சத்தமில்லாமல் கிடைத்துவிடுகிறது. அதனால் உங்கள் கணினியில் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றி, வேறொருவர் கையில் போகும்போதுதான் உடையும். பிழை காட்டும் நோட்டைவிடக் காட்டாத பைத்தான்தான் இந்த விஷயத்தில் ஆபத்தானது என்பது என் கருத்து.

குழப்பம் வருவது கட்டளைக் கருவிகளில்தான். கம்பைலர் (நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றுவது), லின்டர் (நிரலில் தவறுகளைத் தேடுவது), ஃபார்மேட்டர் (நிரலின் அமைப்பைச் சீராக்குவது), சோதனைக் கருவி போன்றவற்றை நாம் டெர்மினலில் தட்டி இயக்குவதால் அவை நம் கருவிகள் என்று தோன்றும். ஆனால் அவற்றின் பதிப்பு மாறினால் புராஜெக்டின் விளைவும் மாறுகிறது. இஎஸ்லின்ட் என்ற லின்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 2024இல் வெளியான அதன் 9ஆம் பதிப்பு, புதிய வடிவ அமைப்புக் கோப்பையே இயல்பாக எதிர்பார்க்கிறது. பழைய வடிவக் கோப்பு வைத்திருக்கும் ஒரு புராஜெக்டில், குளோபலாக இருக்கும் 9ஆம் பதிப்பை இயக்கினால், நிரலில் தவறே இல்லாதபோதும் கருவி நின்றுவிடும். இரண்டு புராஜெக்டுகள் வெவ்வேறு பதிப்புகளைக் கேட்கும்போது, குளோபலாக இருக்கும் ஒன்றே ஒன்றால் இருவரையும் திருப்திப்படுத்த முடியாது. எனவே இவையும் புராஜெக்டுக்குள்தான்.

இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. நீங்கள் பயன்படுத்தும் எடிட்டர் தனக்கென ஒரு பதிப்பை வைத்திருக்கக்கூடும். விஷுவல் ஸ்டுடியோ கோட் தன்னோடு டைப்ஸ்கிரிப்ட் (ஜாவாஸ்கிரிப்டின் மேல் அமைந்த மொழி) பதிப்பு ஒன்றைக் கொண்டே வருகிறது. புராஜெக்டில் உள்ள பதிப்பைப் பயன்படுத்தும்படி நீங்கள் தெரிவு செய்யாவிட்டால், திரையில் சிவப்புக்கோடு போடுவது ஒரு பதிப்பாகவும் கம்பைல் செய்வது வேறொரு பதிப்பாகவும் இருக்கும். குளோபலாகவும் ஒன்று இருந்தால் மொத்தம் மூன்று. நான் ஒரு முழு மாலையை இழந்தது இங்கேதான்.

புதிய புராஜெக்டைத் தொடங்கிவைக்கும் வார்ப்புக் கருவிகள் தனி ரகம். அவை ஒரு புராஜெக்டின் வாழ்நாளில் ஒரேயொரு முறைதான் தேவைப்படும். அவற்றைக் குளோபலாக நிறுவி வைத்தால், ஆறு மாதம் கழித்து அடுத்த புராஜெக்டைப் பழைய வார்ப்பில் தொடங்குவீர்கள். நோட்டில் ‘என்பிஎக்ஸ்’ கட்டளையும் பைத்தானில் ‘பிப்எக்ஸ் ரன்’, ‘யூவிஎக்ஸ்’ ஆகியவையும், நிரந்தரமாக நிறுவாமலேயே அவற்றைத் தற்காலிகமாக இறக்கி இயக்க உதவும்.

3. நோட் புராஜெக்டுக்குள் நிறுவும் முறை

புராஜெக்டின் கோப்புறைக்குள் சென்று ‘என்பிஎம் இனிட்’ கட்டளையால் ‘பேக்கேஜ்.ஜேசன்’ கோப்பை உருவாக்குங்கள். பிறகு ‘என்பிஎம் இன்ஸ்டால்’ கட்டளையோடு பேக்கேஜின் பெயரைக் கொடுங்கள். ‘-ஜி’ சேர்க்காதவரை அது ‘நோட்_மாட்யூல்ஸ்’ என்ற உள்கோப்புறையில் இறங்கி, அதன் பெயரும் பதிப்பும் ‘பேக்கேஜ்.ஜேசன்’ கோப்பில் தானாகவே பதிவாகும். உருவாக்கும் காலத்தில் மட்டும் தேவைப்படும் லின்டர், சோதனைக் கருவி போன்றவற்றுக்கு ‘--சேவ்-டெவ்’ தெரிவைச் சேருங்கள்.

முதல் கண்ணி இந்த இடத்திலேயே இருக்கிறது. தற்போதைய கோப்புறையில் ‘பேக்கேஜ்.ஜேசன்’ இல்லையென்றால் என்பிஎம் மேல்நோக்கித் தேடிச் செல்லும். என்றோ தவறுதலாக உங்கள் முகப்புக் கோப்புறையில் இயக்கிய கட்டளை அங்கே ஒரு ‘பேக்கேஜ்.ஜேசன்’ கோப்பையோ ‘நோட்_மாட்யூல்ஸ்’ கோப்புறையையோ விட்டுவைத்திருந்தால், இன்று நீங்கள் நிறுவுவது புராஜெக்டுக்குள் இறங்காமல் அங்கே போய்ச் சேரும். நோட் நூலகங்களைத் தேடும்போதும் மேல்நோக்கியே செல்வதால் நிரலும் வழக்கம்போல் இயங்கும், நீங்களும் கவனிக்க மாட்டீர்கள். முகப்புக் கோப்புறையில் இந்த இரண்டும் இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். இருந்தால், உள்ளே இருப்பதைக் குறித்துக்கொண்டு அப்புறப்படுத்துங்கள்.

புராஜெக்டுக்குள் நிறுவிய கருவியை இயக்குவது எப்படி என்று தெரியாததால்தான் பலர் குளோபலுக்குத் தாவுகிறார்கள். பெயரை மட்டும் தட்டினால் டெர்மினல் அதைக் கண்டுபிடிக்காது என்பது உண்மைதான். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ‘பேக்கேஜ்.ஜேசன்’ கோப்பின் ‘ஸ்கிரிப்ட்ஸ்’ பகுதியில் கட்டளையை எழுதிவைத்து ‘என்பிஎம் ரன்’ மூலம் இயக்குவது ஒன்று. அப்போது புராஜெக்டின் கருவிகள் இருக்கும் கோப்புறை தானாகவே தேடுபாதையில் (கட்டளைகளைத் தேடும் கோப்புறைகளின் பட்டியல்) சேர்க்கப்படும். கருவியின் பெயருக்கு முன் ‘என்பிஎக்ஸ்’ போட்டுத் தட்டுவது மற்றொன்று. குழுவாகப் பணிபுரிபவர்களுக்கு முதல் வழியையே பரிந்துரைப்பேன், ஏனெனில் எல்லோரும் ஒரே கட்டளையை ஒரே தெரிவுகளோடு இயக்குவார்கள்.

‘என்பிஎக்ஸ்’ பயன்படுத்தும்போது ஓர் எச்சரிக்கை. புராஜெக்டில் அந்தக் கருவி இல்லையென்றால், அதே பெயருள்ள பேக்கேஜை அது இணையத்திலிருந்து இறக்க முற்படும். கட்டளையின் பெயரும் பேக்கேஜின் பெயரும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. டைப்ஸ்கிரிப்ட் பேக்கேஜ் தரும் கட்டளை ‘டிஎஸ்சி’. டைப்ஸ்கிரிப்ட் நிறுவாத இடத்தில் ‘என்பிஎக்ஸ் டிஎஸ்சி’ என்று தட்டினால், அதற்குத் தொடர்பே இல்லாத, ‘டிஎஸ்சி’ என்ற பெயருள்ள வேறொரு பேக்கேஜ்தான் வரும். என்பிஎம் 7ஆம் பதிப்பிலிருந்து இறக்குவதற்கு முன் அனுமதி கேட்கப்படுகிறது. அந்தக் கேள்வி எதிர்பாராமல் வந்தால் ‘சரி’ என்று தட்டாமல் நின்று, பெயரைச் சரிபாருங்கள்.

4. பைத்தான் புராஜெக்டுக்குள் நிறுவும் முறை

பைத்தானில் புராஜெக்ட் நிறுவல் என்பது அந்தப் புராஜெக்டுக்கென ஒரு மெய்நிகர்ச் சூழலை உருவாக்கி அதற்குள் நிறுவுவது. இதற்கான ‘வென்வ்’ பகுதி பைத்தானோடே வருகிறது. புராஜெக்டின் கோப்புறைக்குள் ‘பைத்தான் -எம் வென்வ் .வென்வ்’ என்று இயக்கினால், ‘.வென்வ்’ என்ற உள்கோப்புறை உருவாகும். டெபியனிலும் உபுண்டுவிலும் இது பாதியில் நின்று, ‘பைத்தான்3-வென்வ்’ என்ற பேக்கேஜை இயங்குதளத்தின் வழியே நிறுவச் சொல்லலாம். சொன்னபடி நிறுவிவிட்டு மறுபடியும் இயக்குங்கள்.

அடுத்து அந்தச் சூழலை இயக்க வேண்டும். லினக்ஸிலும் மேக்கிலும் ‘.வென்வ்’ கோப்புறையின் ‘பின்’ பகுதியிலும், விண்டோஸில் ‘ஸ்கிரிப்ட்ஸ்’ பகுதியிலும் இதற்கான ‘ஆக்டிவேட்’ கோப்பு இருக்கும். பவர்ஷெல் தன் பாதுகாப்புக் கொள்கையைக் காட்டி அதை மறுக்கக்கூடும். அப்படி மறுத்தால் கொள்கையை மாற்றித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஆக்டிவேட் செய்வது தட்டச்சைக் குறைக்கும் வசதி மட்டுமே, ‘.வென்வ்’ கோப்புறைக்குள் இருக்கும் பைத்தானையே அதன் பாதையோடு நேரடியாக அழைத்தாலும் அதே சூழல்தான் இயங்கும். இதைப் புரிந்துகொண்ட நாளில் எனக்குப் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

நிறுவும்போது ‘பிப் இன்ஸ்டால்’ என்று தொடங்காமல் ‘பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால்’ என்று தொடங்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். நிரலை இயக்கப்போகும் அதே பைத்தானுக்குள்தான் பேக்கேஜ் இறங்குகிறது என்பதற்கு இது உறுதி தரும். சூழலை இயக்க மறந்து குளோபலாக நிறுவிவிடும் மறதி உங்களுக்கும் உண்டென்றால் (எனக்கு நிறையவே உண்டு), ‘பிப்_ரெக்வயர்_வர்ச்சுவல்என்வ்’ என்ற சூழல் மாறிக்கு (நிரல்கள் படித்துக்கொள்ளும்படி கணினியில் வைக்கும் அமைப்பு மதிப்பு) ‘ட்ரூ’ என்ற மதிப்பை நிரந்தரமாகக் கொடுத்துவிடுங்கள். அதன் பிறகு மெய்நிகர்ச் சூழலுக்கு வெளியே பிப் எதையும் நிறுவ மறுத்துவிடும்.

புதிய லினக்ஸ் கணினிகளில் குளோபலாக நிறுவ முயன்றால், ‘வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல்’ என்ற பொருளில் ஒரு பிழைச்செய்தி வரும். 2023இல் வெளியான டெபியன் 12, உபுண்டு 23.04 ஆகியவற்றிலிருந்து இதைப் பார்க்கலாம். இயங்குதளத்தின் சொந்தக் கருவிகள் பலவும் அந்தப் பைத்தானை நம்பி இருப்பதால், அதில் நாம் கைவைக்காமல் காப்பதற்கான தடுப்பு அது. அந்தச் செய்தியே ‘--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்’ என்ற தெரிவையும் குறிப்பிடும். ‘இயங்குதளத்தின் பேக்கேஜ்களை உடை’ என்று பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதைத் தட்டாதீர்கள்.

மெய்நிகர்ச் சூழலை இடம் மாற்றவும் முடியாது. அதன் உள்ளே முழுப் பாதைகள் எழுதப்பட்டிருப்பதால், கோப்புறையின் பெயரை மாற்றினாலோ வேறிடத்துக்கு நகர்த்தினாலோ ஆக்டிவேட்டும் கருவிகளும் பழைய இடத்தையே தேடும். பைத்தானை 3.11இலிருந்து 3.12க்கு மாற்றினாலும் பழைய சூழல் பயன்படாது. இரண்டு நிலைகளிலும் அதைப் பழுதுபார்க்க முயலாமல் ‘.வென்வ்’ கோப்புறையை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள். அடுத்த படியில் சொல்லும் ஆவணங்கள் இருந்தால் சில நிமிட வேலைதான்.

5. ஆவணங்களைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள்

புராஜெக்டுக்குள் நிறுவுவதன் பயன் முழுவதும் இந்த ஆவணங்களில்தான் இருக்கிறது. பேக்கேஜ்கள் அமர்ந்திருக்கும் கோப்புறையை எப்போது வேண்டுமானாலும் அழிக்கலாம், ஆவணங்களை அழிக்கக் கூடாது.

முதல் ஆவணம் தேவைப் பட்டியல்: நோட்டில் ‘பேக்கேஜ்.ஜேசன்’, பைத்தானில் ‘பைபுராஜெக்ட்.டோமல்’ அல்லது ‘ரெக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி’. இரண்டாவது பூட்டுக் கோப்பு: நோட்டில் ‘பேக்கேஜ்-லாக்.ஜேசன்’. தேவைப் பட்டியல் இருக்கும்போது பூட்டுக் கோப்பு எதற்கு என்று தோன்றலாம். தேவைப் பட்டியலில் ஒரு பேக்கேஜின் பதிப்பு ‘^1.4.2’ என்று இருந்தால், 1.4.2 முதல் 2.0.0க்குக் குறைவான எந்தப் பதிப்பும் சரி என்று பொருள். இன்று நிறுவுபவருக்கு ஒரு பதிப்பும் அடுத்த மாதம் நிறுவுபவருக்கு வேறு பதிப்பும் இறங்க இது இடம் தருகிறது. பூட்டுக் கோப்பு, துணைப் பேக்கேஜ்கள் உட்பட ஒவ்வொன்றின் துல்லியமான பதிப்பையும் பதிந்து வைக்கிறது.

இரண்டு கோப்புகளையும் கிட்டில் (நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) சேருங்கள். ‘நோட்_மாட்யூல்ஸ்’, ‘.வென்வ்’ ஆகிய கோப்புறைகளைச் சேர்க்காமல் ‘.கிட்இக்னோர்’ கோப்பில் எழுதிவிடுங்கள். பிறர் உருவாக்கிய புராஜெக்டை எடுத்து நிறுவும்போதும் சர்வரில் நிறுவும்போதும் ‘என்பிஎம் இன்ஸ்டால்’ என்பதற்குப் பதில் ‘என்பிஎம் சிஐ’ பயன்படுத்துங்கள். முன்னது பூட்டுக் கோப்பைத் திருத்திவிடக்கூடும். பின்னது பூட்டுக் கோப்பில் உள்ளதை அப்படியே நிறுவும், இரண்டு ஆவணங்களும் பொருந்தவில்லையென்றால் நிறுவாமலே நின்றுவிடும்.

பைத்தானில் ‘பிப் ஃப்ரீஸ்’ கட்டளையின் விளைவைக் கோப்பில் எழுதி ‘ரெக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி’ உருவாக்குவது பரவலான வழக்கம். மெய்நிகர்ச் சூழலுக்குள் இருந்து செய்தால் அதில் தவறில்லை. குளோபல் சூழலில் இருந்துகொண்டு செய்தால், உங்கள் கணினியில் இதுவரை நிறுவிய அத்தனை பேக்கேஜ்களும் பட்டியலில் ஏறிவிடும். நூற்றுக்கு மேற்பட்ட வரிகள் கொண்ட அத்தகைய கோப்பு ஒன்று ஒருமுறை என்னிடம் வந்தது. அந்தப் புராஜெக்ட் உண்மையில் பயன்படுத்தியது ஐந்து நூலகங்களைத்தான்.

மூன்றாவதாக, மொழியின் பதிப்பையும் எழுதி வையுங்கள். நோட்டின் பதிப்பை ‘பேக்கேஜ்.ஜேசன்’ கோப்பின் ‘எஞ்சின்ஸ்’ பகுதியிலும் ‘.என்விஎம்ஆர்சி’ கோப்பிலும் குறிக்கலாம். பைத்தானுக்கு ‘பைபுராஜெக்ட்.டோமல்’ கோப்பில் ‘ரெக்வயர்ஸ்-பைத்தான்’ என்ற வரி உண்டு.

6. குளோபலாகத்தான் நிறுவ வேண்டும் என்றால்

எல்லாப் புராஜெக்டுகளிலும் பயன்படுத்தும், எந்தப் புராஜெக்டின் விளைவையும் பாதிக்காத கைக்கருவிகள் சில எல்லோரிடமும் இருக்கும். கோப்புகளை உலாவியில் காட்டும் சிறிய சர்வர், காணொளி இறக்கும் கருவி, மேகச் சேவைகளின் கட்டளைக் கருவி போன்றவை அந்த வகை. அவற்றைக் குளோபலாக நிறுவுவதில் குற்றமில்லை.

ஆனால் கட்டளைக்கு நிர்வாகி அதிகாரம் தரும் ‘சூடோ’வைச் சேர்த்து நிறுவாதீர்கள். நிறுவும்போது ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று வந்தால் பலரும் உடனே செய்வது அதுதான். என்பிஎம் பேக்கேஜ்கள் பலவற்றில் நிறுவும் நேரத்தில் தாமாக இயங்கும் நிரல்கள் உண்டு. மூலவடிவில் வரும் பைத்தான் பேக்கேஜ்களும் அப்படியே. முன்பின் அறியாத ஒருவர் எழுதிய நிரலுக்கு முழுக் கணினியின் நிர்வாக அதிகாரத்தைக் கொடுக்கும் செயல் அது. மேலும், நிர்வாகியின் பெயரில் உருவான கோப்புகள் அங்கங்கே தங்கிவிடுவதால், அடுத்த முறை சாதாரணமாக நிறுவும்போதும் அனுமதிப் பிழை வரும், மறுபடியும் சூடோ தேவைப்படும்.

நோட்டுக்குச் சரியான வழி, ‘என்விஎம்’ போன்ற பதிப்பு மேலாளரின் மூலம் நோட்டை நிறுவுவது. அப்போது குளோபல் கோப்புறையும் உங்கள் பயனர் கணக்குக்குள்ளேயே அமைந்துவிடும். இதில் ஒரு கண்ணி உண்டு: ஒவ்வொரு நோட் பதிப்புக்கும் தனித்தனிக் குளோபல் கோப்புறை இருக்கும். புதிய நோட்டுக்கு மாறிய மறுநொடி, நிறுவியிருந்த கைக்கருவிகள் எல்லாம் காணாமல் போனதுபோலத் தெரியும். அவை பழைய பதிப்பின் கீழ் பத்திரமாக இருக்கின்றன. புதிய பதிப்பை நிறுவும்போதே ‘--ரீஇன்ஸ்டால்-பேக்கேஜஸ்-ஃப்ரம்’ தெரிவோடு பழைய பதிப்பின் எண்ணைக் கொடுத்தால் அவையும் கூடவே வந்துவிடும்.

பைத்தானில் கைக்கருவிகளுக்கு ‘பிப்எக்ஸ்’ அல்லது ‘யூவி டூல் இன்ஸ்டால்’ பயன்படுத்துங்கள். இவை ஒவ்வொரு கருவிக்கும் தனியே ஒரு மெய்நிகர்ச் சூழலை உருவாக்கி, கட்டளையை மட்டும் பொதுவான இடத்தில் வைக்கின்றன. அதனால் ஒரு கருவிக்குத் தேவையான நூலகப் பதிப்பு இன்னொன்றோடு மோதுவதில்லை. நிறுவிய பின் கட்டளை கிடைக்கவில்லை என்றால் ‘பிப்எக்ஸ் என்ஷூர்பாத்’ இயக்கிவிட்டு, டெர்மினலை மூடித் திறங்கள். இயங்குதளத்தின் பைத்தான் புதுப்பிக்கப்பட்டபின் கருவிகள் இயங்க மறுத்தால் ‘பிப்எக்ஸ் ரீஇன்ஸ்டால்-ஆல்’ அவற்றைச் சீராக்கும்.

மற்ற மொழிகள் இதே கேள்விக்கு வெவ்வேறு விடை வைத்திருக்கின்றன. ரஸ்ட்டில் குழப்பத்துக்கே இடமில்லை: ‘கார்கோ இன்ஸ்டால்’ கட்டளைக் கருவிகளுக்கு மட்டுமே உரியது, நூலகங்கள் புராஜெக்டின் ‘கார்கோ.டோமல்’ வழியாகத்தான் வர முடியும். ரூபியில் ஜெம்கள் (ரூபியின் பேக்கேஜ்கள்) பொதுவான இடத்தில் பல பதிப்புகளாக இருக்கலாம் என்பதால், ‘பண்டில் எக்ஸெக்’ போட்டு இயக்குவதே புராஜெக்டின் பூட்டுக் கோப்பில் உள்ள பதிப்பைத் தேர்ந்தெடுக்கும். பிஎச்பியின் நிறுவல் கருவியான காம்போசரில் ‘குளோபல் ரெக்வயர்’ இருக்கிறது, ஆனால் அவ்வாறு நிறுவும் எல்லாக் கருவிகளும் ஒரே பட்டியலில் சேர்வதால் ஒன்றின் தேவை மற்றொன்றைத் தடுக்கும். அங்கே நான் அதைத் தவிர்த்துவிடுவேன்.

7. செலவும் நேரமும்

பணச்செலவு எதுவுமில்லை. செலவாவது வட்டில் இடமும் இறக்கும் நேரமும்தான். வெறும் பைத்தான் சூழல் ஒன்று சில பத்து மெகாபைட்டுகளுக்குள் அடங்கிவிடும். ‘நோட்_மாட்யூல்ஸ்’ நடுத்தரப் புராஜெக்டில்கூடச் சில நூறு மெகாபைட்டுகளைத் தொடும். பத்துப் புராஜெக்டுகள் இருந்தால் இது கண்ணை உறுத்தத்தான் செய்யும். குளோபலாக நிறுவும் ஆசை பலருக்கும் மறுபடி எழுவது இந்தக் கணக்கைப் பார்த்துத்தான்.

அதற்கு வேறு தீர்வுகள் இருக்கின்றன. ஒருமுறை இறக்கிய பேக்கேஜை என்பிஎம், பிப் இரண்டுமே தற்காலிகச் சேமிப்பில் வைத்துக்கொள்வதால், அடுத்த புராஜெக்டில் அதே பதிப்பை நிறுவும்போது பெரும்பாலும் மறுபடி இறக்க வேண்டியிருக்காது. இடம்தான் கவலை என்றால் என்பிஎம்முக்கு மாற்றான ‘பிஎன்பிஎம்’ பயன்படுத்திப் பாருங்கள். அது ஒவ்வொரு கோப்பையும் பொதுக் கிடங்கில் ஒருமுறை மட்டும் வைத்து, புராஜெக்டுகளிலிருந்து அதற்கு இணைப்பு கொடுக்கிறது. பைத்தானில் ‘யூவி’யும் இயன்றவரை இதேபோல் செய்கிறது. மாதக்கணக்கில் தொடாத புராஜெக்டுகளின் ‘நோட்_மாட்யூல்ஸ்’ கோப்புறையைத் தயங்காமல் அழிக்கலாம்.

மேகச் சேமிப்போடு தானாக ஒத்திசையும் கோப்புறைக்குள் மட்டும் புராஜெக்டுகளை வைக்காதீர்கள். பல்லாயிரம் சிறு கோப்புகளை ஏற்றி இறக்குவதில் கணினி திணறும், நிறுவல் பாதியில் உடைவதும் உண்டு.

8. வேறொருவராக மாறிச் சோதியுங்கள்

அனுப்புவதற்கு முன், உங்கள் புராஜெக்டைக் கிட்டிலிருந்து வேறொரு கோப்புறைக்குப் புதிதாக எடுத்து, அதன் விளக்கக் கோப்பில் (ரீட்மீ) எழுதியிருக்கும் கட்டளைகளை மட்டும் வரிசையாக இயக்குங்கள். இதற்குக் கால் மணி நேரம் போதும். எழுதாத ஒரு கட்டளையை உங்கள் விரல்கள் தாமாகத் தட்டினால், அதுதான் விடுபட்டது.

இந்தச் சோதனையிலும் குளோபல் பேக்கேஜ்கள் ஒளிந்துகொண்டு உதவக்கூடும் என்பதால், இயன்றால் புதிய பயனர் கணக்கிலோ டாக்கர் போன்ற கன்டெய்னரிலோ (கணினிக்குள் தனித்து இயங்கும் சூழல்) செய்வது மேலானது. சர்வருக்கு அனுப்பும் புராஜெக்டாக இருந்தால் ‘என்பிஎம் சிஐ’ கட்டளையோடு ‘--ஓமிட்=டெவ்’ சேர்த்தும் ஒருமுறை இயக்கிப் பாருங்கள். இயக்கத்துக்குத் தேவையான நூலகத்தைத் தவறுதலாக உருவாக்கக்காலப் பட்டியலில் போட்டிருந்தால் இங்கேதான் வெளிப்படும்.

9. ஏற்கெனவே எல்லாம் குளோபலாக இருந்தால்

முதல் படியில் சேமித்த பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் அழித்துவிடாதீர்கள், எது எதை நம்பியிருந்தது என்று தெரியாமல் திண்டாடுவீர்கள். நான் அப்படித்தான் திண்டாடினேன். தற்போது பணிபுரியும் ஒரு புராஜெக்டில் தொடங்கி, அது இறக்குமதி செய்யும் நூலகங்களையும் அது இயக்கும் கருவிகளையும் அதற்குள் நிறுவி, எட்டாம் படியின் சோதனையைச் செய்யுங்கள். ஒரு புராஜெக்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். நிறுவும்போது குளோபலாக இருந்த அதே பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டு நிறுவுங்கள். இடமாற்றத்தையும் பதிப்பு உயர்வையும் ஒரே நேரத்தில் செய்தால், உடையும்போது காரணம் எது என்று பிரித்தறிய முடியாது.

பைத்தானில் இறக்குமதிப் பெயரை வைத்து நிறுவும் பெயரை ஊகிக்காதீர்கள். ‘யாமல்’ என்று இறக்குமதி செய்வதன் பேக்கேஜ் பெயர் ‘பையாமல்’, ‘சிவி2’ என்பதன் பேக்கேஜ் பெயர் ‘ஓபன்சிவி-பைத்தான்’. ‘பிப் லிஸ்ட்’ கட்டளையோடு ‘--நாட்-ரெக்வயர்டு’ சேர்த்தால், பிறவற்றுக்குத் துணையாக வந்தவை நீங்கி, நீங்களாக நிறுவியவை பெரும்பாலும் தெரியவரும்.

எல்லாப் புராஜெக்டுகளும் சோதனையைக் கடந்தபின், குளோபல் பட்டியலில் மிஞ்சுபவற்றை ஒவ்வொன்றாக நீக்குங்கள். நோட்டில் ‘என்பிஎம் அன்இன்ஸ்டால் -ஜி’ போதும். ஆனால் அந்தப் பட்டியலில் ‘என்பிஎம்’ என்ற பெயரும், சில நோட் பதிப்புகளில் ‘கோர்பேக்’ என்ற பெயரும் இருக்கும். அவை நோட்டோடு வந்தவை, அவற்றை விட்டுவிடுங்கள். லினக்ஸில் பைத்தானைப் பொறுத்தவரை, ‘பிப் லிஸ்ட் --யூசர்’ காட்டுபவற்றை மட்டும் நீக்குங்கள். அதற்கு வெளியே இருப்பவை பெரும்பாலும் இயங்குதளத்தின் பேக்கேஜ் மேலாளர் வைத்தவை, அவற்றை அகற்றினால் டெஸ்க்டாப்பே திறக்காமல் போகலாம்.